ஆடியில் வைத்த கன்றுகள்

புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் நிழல் இல்லை. வேதாரண்யத்துக்கு மேற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் எங்களுடையது. சில வருடம் சேராமலும் போகும். வாய்க்கால் கரையில் வீட்டுக்கு ஒரு மரம் வைப்பது என்று தெருவே கூடிப் பேசியபோது, எப்போது வைக்கலாம் என்று என்னைத்தான் கேட்டார்கள். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. நான் தாவரவியல் பட்டம் வாங்கியவள். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

"ஐப்பசி மழை விழட்டுமேடி" என்றாள் அம்மா.

"மேட்டூர் தொறந்தாச்சும்மா. ஆடி முடியறதுக்குள்ள வாய்க்கால்ல தண்ணி வந்துடும். இப்பவே வச்சா மழைக்கு முன்னாடி வேர் புடிச்சுக்கும்."

எல்லார் முன்னாலும் சொன்னேன். எதிர்வீட்டு அத்தை மட்டும், "ஏன்டி, வர்றேன்னு தண்ணி உனக்குக் கடுதாசி போட்டுச்சா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு நான் சொன்னபடியே செய்தார்கள். இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு புங்கங்கன்று. ஆடு வாய் வைக்காமல் சுற்றிலும் முள் வெட்டிக் கட்டினோம்.

தண்ணீர் வரவில்லை. பாபநாசத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா, அங்கே வாய்க்கால் தளும்பிப் போகிறது என்று போனில் சொன்னாள். எங்கள் வாய்க்காலுக்குள் ஆடுகள் இறங்கி மேய்ந்தன. கைப்பம்பில் வருவது உப்புத் தண்ணீர், அதை ஊற்றினால் கன்று கருகிவிடும் என்று சொல்லியிருந்தவளும் நான்தான். குழாயில் நல்ல தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு முறை வரும், வீட்டுக்கு நாலு குடம். அதிலிருந்து ஆளுக்கு ஒரு செம்பு கொண்டுபோய் ஊற்றினார்கள். ஆவணி வெயிலில் அதையும் நிறுத்தினார்கள். பிள்ளைகள் குடிக்க வேண்டும்.

தினமும் காலையில் கரையோரம் நடந்து, ஒவ்வொரு தண்டையும் நகத்தால் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பெரும்பாலும் பழுப்புதான் தெரியும். அழுகையோ கோபமோ வரவில்லை. அடுத்த கன்றுக்குப் போவேன், அதையும் கீறுவேன்.

புரட்டாசியில் ஒரே ஒரு கன்று மட்டும் தளிர் விட்டிருந்தது. எங்கள் வீட்டுக் கன்று.

அம்மாவிடம் கேட்டேன். முதலில் பேச்சை மாற்றினாள். அப்புறம், "நான் குளிக்க வேண்டிய நல்ல தண்ணிய ஊத்தினேன்" என்றாள். இரண்டு மாதமாக அவள் உப்புத் தண்ணீரில் குளித்திருக்கிறாள். தலைமுடி நார் மாதிரி ஆகியிருந்தது. ஒரே வீட்டில் இருந்தும் நான் கவனிக்கவில்லை.

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"நீ வைக்கச் சொன்ன மரம். உன்னுதும் பட்டுப்போனா உன்னைத்தானே பேசுவாங்க."

அது பிழைத்ததால்தான் பேசினார்கள். என்னிடம் நேராக இல்லை. குழாயடிக்குப் போனால் பேச்சு நிற்கும், எனக்கு வழி விடுவார்கள். அத்தை மட்டும் என் காதுபடச் சொன்னாள்: "அது படிச்ச மரம்ல. பொழைச்சுக்கும்."

ஒருநாள் அதைப் பிடுங்கிவிடப் போனேன். தண்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அதன் உள்ளே போயிருந்தது அம்மா குளிக்காத தண்ணீர். விட்டுவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் இரண்டு நாள் நல்ல மழை. பெண்கள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். "எப்ப வைக்கலாம் அண்ணி?" என்று அத்தை அம்மாவைக் கேட்டாள். "நாளைக்குக் காலையிலயே வச்சுடலாம்" என்றாள் அம்மா. நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நாற்றங்காலிலிருந்து மண் பைகளில் புதுக் கன்றுகள் வருவதற்குள், காய்ந்த இருபத்தொரு குச்சிகளையும் பிடுங்கிப் போட்டேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்புறம் மண்வெட்டியை எடுத்து ஒவ்வொரு குழியாக வெட்டினேன். அத்தை தன் கன்றைக் குழிக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டு, கரையின் அந்தக் கோடியில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, எவ்வளவு ஆழம் விடணும்?"

மண்வெட்டியோடு நான் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"பையில இருந்த மண்ணு மூடுற வரைக்கும்" என்று அம்மா அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

சரியான அளவுதான். மண்ணைத் தள்ளினேன்.