பரமசிவத்தின் வயிறும் முனை பம்பும்

கல்கத்தாவில் நலம் விசாரிப்பதென்றால் வயிற்றைப் பற்றிக் கேட்பது. துறைமுக அலுவலக கிளார்க் பரமசிவத்துக்கு மூன்று வருடமாகியும் இது பழகவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். இந்தச் சமாசாரத்தை மனைவி நீலாவதியிடம்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்கு 1974இல் மூத்திரப்பையில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் தினமும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். மூன்றாவது வாரம் வயிறு கெட்டது. கதிர் குடலிலும் படுவதால் அப்படித்தான் இருக்கும், சிகிச்சை முடிந்து சில வாரத்தில் அடங்கும் என்றார் டாக்டர். டாக்டருக்கென்ன? டாலிகஞ்சில் பரமசிவம் இருந்த வீட்டில் நான்கு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். நாளைக்குப் பத்துத் தடவை வாளியோடு ஓடுகிறவர் எதை மறைப்பது? உண்மை தெரிந்தால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்று நடுங்கி, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தார்.

சரியான அசட்டுத்தனம். வேறு ஊராக இருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். இங்கே வீட்டுக்காரர் ஹரிபத பாபு தலைமையில் சந்தே கூடி யோசித்தது. மதராஸி தாதா, அதாவது அண்ணன், மீன் தொடுவதில்லை, கடைப் பண்டம் தின்பதில்லை, குடிப்பது தெரு முனை பம்புத் தண்ணீர் மட்டும். ஆகவே குற்றவாளி பம்புதான். மறுநாளே இன்னும் ஏழு பேருக்கு வயிறு கலங்கியது. அதில் இரண்டு பேர் அந்தத் தண்ணீரைத் தொட்டதே இல்லை. ஹரிபத பாபு மனு எழுதினார். எத்தனை கூப்பிட்டாலும் வராத கார்ப்பரேஷன் ஆட்கள் நாலாம் நாளே வந்து பம்புக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு இரண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. மாடி வீட்டு மருமகள் நிறைமாத வயிற்றோடு வாளி தூக்கி வருவதை நீலாவதி பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு சொமக்கறது நீங்க சொன்ன பொய்யை. இன்னிக்கு நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்" என்றாள்.

சாயங்காலம் பரமசிவம் ஹரிபத பாபுவின் வாசலில் நின்று, கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் சொன்னார்: "தண்ணில ஒண்ணும் இல்ல. எனக்குக் கேன்சர். கரண்ட் வைக்கறாங்க. அதனாலதான் வயிறு இப்படி."

மனு எழுதிய ஹரிபத பாபுவுக்குப் பம்பு நிரபராதி என்பதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. காலி பண்ணச் சொல்லும் வார்த்தைக்காகப் பரமசிவம் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

"இதோடயா தாதா, தினம் எங்களோட வரிசையில நின்னீங்க?" என்றார் ஹரிபத பாபு.

மறுநாள் காலை எட்டு மணி. ஆபீஸ் போகிறவர்கள் ஆளுக்கொரு வாளியோடு நின்றிருந்தார்கள். பரமசிவத்தைப் பார்த்ததும் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதார்.

ஒன்றும் அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்று வெளியிலிருந்து யாரோ சொன்னார்கள்.