காப்புக் கட்டிய விமானி

தசரதன் விமானம் ஓட்டுகிறவன் என்பதை அவன் ஊரில் முழுசாக நம்பியவர்கள் குறைவு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த அந்த ஊருக்கு ஏரித் தண்ணீரும் நெல்லும் வேர்க்கடலையும்தான் பிழைப்பு. காலேஜில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்து, அங்கிருந்து மீனம்பாக்கம் போய் லைசென்ஸ் வாங்கிய புதிதில், குட்டி விமானத்தில் வயல்களுக்குப் பூச்சிமருந்து தெளிக்கிற வேலைதான் அவனுக்குக் கிடைத்தது. அதோடு ஊர் பேர் வைத்து முடித்துவிட்டது. மருந்தடிக்கிற தசரதன். பிறகு அவன் மலேசியாவிலும் மஸ்கட்டிலும் சரக்கு விமானம் ஓட்டினாலும் அந்தப் பேர் மட்டும் போகவில்லை. "இப்போ எங்க மருந்தடிச்சிக்கினு கீறே?" என்றுதான் கேட்பார்கள். அவனும் சளைக்காமல் "கடல்ல" என்பான்.

அவன் செய்தது ஒப்பந்த வேலை. இதைப் பெண்சாதி மஞ்சுளாவுக்குப் புரியவைக்க அவனுக்குப் பல வருஷம் பிடித்தது. விமானம் ஒரு கம்பெனியுடையது, சம்பளம் கொடுப்பது வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கிற ஏஜென்சி, பறப்பது மூன்றாவதாக ஒரு நாட்டில். லீவு, பென்ஷன், வைத்தியம் எதுவும் கிடையாது. வரியை எந்த நாட்டில் கட்டவேண்டும் என்பதைக்கூட அவனே கண்டுபிடித்து அவனே கட்டிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் அவர்கள் ஒரே வரியில் அனுப்பிவிடலாம், அந்த இடத்துக்கு அடுத்த ஆள் வந்துவிடுவான். "இதுல உங்களுக்கு யாருதான் மொதலாளி?" என்று மஞ்சுளா கேட்டபோது அவனுக்குப் பதில் தெரியவில்லை.

தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டில் குவைத்தில் இருந்தபோது பதில் தெரிந்தது. ஈராக் படை உள்ளே வந்த மறுநாளே கம்பெனி முதலாளி காணாமல் போனார். கம்பெனி ஆட்களோ, "நீ ஏஜென்சி ஆள்" என்றார்கள். எப்படியோ லண்டனுக்குத் தொடர்பு கிடைத்து ஏஜென்சியைக் கேட்டால், "போர் வந்ததால் ஒப்பந்தம் தானாக முடிந்தது, நீர் எங்கள் ஊழியர் அல்ல, சுயதொழில் செய்பவர்" என்றது. இருபது வருஷம் விமானம் ஓட்டியவன், லாரியிலும் பஸ்ஸிலும் பாலைவனம் தாண்டி, ஜோர்டானில் கூடாரத்தில் கிடந்து, செப்டம்பர் கடைசியில் பம்பாய் வந்து இறங்கினான். பயணியாக.

அந்த வாரங்களில் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் மஞ்சுளா தவித்திருக்கிறாள். ஊர்த் திரௌபதியம்மன் கோயிலில் போய் நின்று, "உயிரோட கொண்டாந்து சேத்துடு ஆத்தா, இந்தப் பங்குனிக்கு அவரே வந்து தீ மிதிப்பாரு" என்று வேண்டிக்கொண்டாள்.

வந்தவன் சும்மாவே இருந்தான். மாசக்கணக்காகப் பறக்காத விமானியின் லைசென்ஸ் மெல்லச் செத்துக்கொண்டே வரும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் இந்த வயசில் மறுபடி பரீட்சை எழுதப் போகவேண்டும். எத்தனையோ ஏஜென்சிகளுக்கு எழுதிப் போட்டான், பதிலே இல்லை. மார்ச் தொடக்கத்தில் காஞ்சிபுரம் போய் ஆடிட்டர் ரகுபதியைப் பார்த்தான்.

"சார், ஒரு கணக்கு வருஷத்துல பாதிக்கு மேல இந்தியாவுல இருந்துட்டீங்கன்னா, நீங்க இங்க வசிக்கிறவர்" என்றார் அவர். "நீங்க வந்தது செப்டம்பர் கடைசி. இந்த மாசக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி கிளம்பிட்டீங்கன்னா, வெளிநாட்டுல வசிக்கிறவர். ஒரு கேள்வியும் வராது."

"இருந்துட்டா?"

"குவைத்துல சம்பாதிச்சதைப் பத்திக் கேப்பாங்க. பல வருஷம் வெளியில இருந்தவருக்குச் சலுகை இருக்கு, கொடுக்கவும் செய்வாங்க. ஆனா அதுக்கு நீங்க எத்தனை நடை நடக்கணும்னு எனக்குத் தெரியாது."

கிளம்புவதற்கு வேலை வேண்டுமே. அது வருகிற வழியாகத் தெரியவில்லை. அதனால், கோயிலில் கொடியேறிக் காப்புக் கட்ட ஊரில் கூப்பிட்டபோது தசரதன் மறுபேச்சில்லாமல் போய்க் கையை நீட்டினான். தர்மகர்த்தா சுப்பராயன் அவனுக்கு மாமன் முறை. மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிட்டு, "தீமிதி ஆவற வரிக்கும் எல்லை தாண்டக் கூடாது. தெரியுமில்ல?" என்றார். நாலு நாட்டு வானத்தைத் தாண்டியவனுக்கு ஏரிக்கரையும் தோப்பும் எல்லையாயின. அவனுக்கே சிரிப்பு வந்தது.

தீமிதி மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின திங்களன்று காலையில் தந்தி வந்தது. அனுப்பியது ஒரு சிங்கப்பூர் ஏஜென்சி. இந்தோனேசியத் தீவுகளுக்கிடையே சிறு விமானம் ஓட்ட ஆள் வேண்டும். வியாழக்கிழமை சிங்கப்பூரில் டாக்டர் பரிசோதனைக்கு நிற்க வேண்டும்.

தசரதன் தந்தியை எத்தனை தடவை படித்தான் என்று அவனுக்கே தெரியாது. லைசென்ஸ் பிழைக்கும், வரித் தொல்லை கிடையாது, ஆடிட்டர் சொன்ன கெடுவுக்குள் கிளம்பியும் ஆயிற்று. எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தி வந்தது. மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிறு ஒன்றைத் தவிர.

நேராக சுப்பராயனிடம் போனான். அவர் கோயில் வாசலில் தீக்குழிக்கு விறகு இறக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, கயித்த அவுக்கணும்."

"அவுத்துக்கோ. கட்றதுதான் என் வேல. அவுக்கறது உன் இஷ்டம்."

"எனக்கு பதிலு மஞ்சுளா மிதிக்கலாமா?"

"அவ பேர்லயா வேண்டிக்கினா? உன் பேர்ல இல்ல வேண்டிக்கினா?" சுப்பராயன் விறகைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏன்டா, நீ பிளேன் ஓட்ற எடத்துல உனக்கு பதிலு வேற எவனாச்சும் வந்து ஓட்டலாமா?"

"ஓட்டலாம் மாமா. அங்க அதான் வழக்கம்."

பெரியவருக்கு இது புதுசு. "இன்னாடா வேலை அது? இங்க அது செல்லாது" என்றார்.

வீட்டுக்கு வரும்போது அவனுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியிருந்தது. மஞ்சுளா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தந்தி விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

"வேண்டிக்கினதுதான் வேண்டிக்கினே, உன் பேர்ல வேண்டிக்கினு இருக்கலாமில்ல? இப்போ பாரு, என்னக் கட்டிப் போட்டுட்டே" என்று கத்தினான்.

அவள் கையில் இருந்த கொத்தை ஆய்ந்து முடித்தாள். "என் பேர்ல வேண்டிக்கினா இன்னா ஆயிருக்கும்? நான் மிதிச்சிருப்பேன். நீங்க எங்கயோ இருந்துக்கினு, நல்லபடியா முடிஞ்சுதான்னு கடுதாசி போட்டிருப்பீங்க. இந்த வூடு குடி வந்தப்பவும் அப்டித்தான். நம்ம பொண்ணு மதிவதனி பெரிய மனுஷி ஆனப்பவும் அப்டித்தான். எங்கப்பாவ எடுத்தப்பவும் அப்டித்தான். அதுக்குத்தான் உங்க பேர்ல வேண்டிக்கினேன். ஆத்தாளுக்காச்சும் நீங்களே வந்து நிக்கட்டும்னு."

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"தெரிஞ்சேதான்."

கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் வரிவரியாகப் படித்து, எங்கே மாட்டிக்கொள்வோம் என்று தேடுகிறவன் தசரதன். வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு ஷரத்து இருந்ததைப் பார்க்காமல் விட்டிருக்கிறான்.

"போறதுன்னா போங்க" என்றாள் மஞ்சுளா. குரல் இப்போது இறங்கியிருந்தது. "நான் தடுக்க மாட்டேன். ஆத்தா கோவிச்சுக்குவான்னும் எனக்கு பயமில்ல. உங்கள உயிரோட குடுத்துட்டா, குடுத்தத திருப்பிக் கேக்கறவ இல்ல அவ. நான்தான் கோவிச்சுக்குவேன்."

அன்று முழுக்க அவன் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தான். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானங்கள் தூரத்தில் தாழ்ந்துகொண்டே போயின. ஒவ்வொன்றுக்கும் அவன் கால் தன்னால் அசைந்து, இல்லாத பெடலை மிதித்தது. பறப்பது என்றால் அவனுக்கு உயிர். அதை விடச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும், வலித்தது. போய்விடலாம் என்று இரண்டு தடவை எழுந்து நின்றான். ஆனால் தன் பெயரை மட்டுமே கேட்கிற ஓர் இடத்தை விட்டு, எந்தப் பெயராக இருந்தாலும் சரி என்கிற இடத்துக்கு ஓடுவதற்குக் கால் எழவில்லை.

கடைசியில் ஒரு நடுவழி கண்டுபிடித்தான். மதக் கடமை ஒன்று இருக்கிறது, ஞாயிறு முடிந்து திங்களன்று புறப்படுகிறேன், தயவுசெய்து பொறுக்கவும் என்று ஒரு தந்தி. அதைக் கொடுக்கக்கூட அவனால் எல்லை தாண்ட முடியாது. மஞ்சுளாதான் செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். கொடுக்காமலே வந்து கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிப்பட்டவள் இல்லை அவள். ரசீதைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது. உங்கள் பெயரைக் குறித்து வைத்திருக்கிறோம்.

"அதுக்குள்ளவா வேற ஆளு கெடைச்சிட்டான்?" என்றாள் மஞ்சுளா. அவள் நிஜமாகவே அதிர்ந்து போயிருந்தாள். அவனுக்காக யாரோ கொஞ்சநேரமாவது யோசிப்பார்கள் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது. தசரதன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஞாயிறு மாலை தீக்குழி கனன்று கிடந்தது. துரியோதனனை வீழ்த்துகிற படுகளக் கூத்து முடிந்து, மஞ்சள் துணி உடுத்தியவர்கள் குளத்தில் முழுகிவிட்டு வரிசையாக வந்தார்கள். "மருந்தடிக்கிறவரு வராரு, வழி வுடுங்க" என்று கூட்டத்தில் யாரோ கத்த, சிரிப்பு எழுந்தது. தசரதனுக்குப் பக்தி என்று பெரிதாக எதுவும் வரவில்லை. கோபம்தான் இருந்தது, அந்தக் கோபத்தோடே இறங்கினான். பாதி தூரத்தில், எதிர்க்கரையில் பால் குழிக்குப் பக்கத்தில் நின்ற மஞ்சுளாவின் முகம் தெரிந்தது. குவைத்தில் அவன் இருந்த வாரங்களில் இந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் பார்த்தான். கோபம் எங்கே போயிற்றோ தெரியாது. கரையேறிப் பாலில் கால் வைத்தவன் குழந்தை மாதிரி அழுதான். இடது குதிகாலில் ஒரே ஒரு கொப்புளம்.

காப்பு அவிழ்த்த மூன்றாம் நாள் புருஷனும் பெண்சாதியுமாகக் காஞ்சிபுரம் போனார்கள். ரகுபதி காலண்டரைப் புரட்டிப் பார்த்தார்.

"நூலிழையில கெடுவைத் தாண்டிட்டீங்க சார். வந்த நாளை விட்டுடணும்னு வாதாடிப் பார்க்கலாம். வெளிநாட்டுல வசிக்கிறவர்னே காட்ட முயற்சி பண்ணட்டுமா?"

"வேணாம் சார். நான் இங்கதான் இருந்தேன். இங்க வசிக்கிறவன்னே எழுதுங்க."

ஆடிட்டர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலை குனிந்து எழுதினார். மேற்கொண்டு என்ன வேலை என்று கேட்டதற்கு, மீனம்பாக்கத்தில் பையன்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்கிறார்கள், சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, போய்ப் பார்க்கவேண்டும் என்றான்.

படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் மஞ்சுளா வாயைத் திறந்தாள்.

"நெஜமாவே அப்டி எழுதிட்டாரா?"

"எழுதிட்டாரு."

"பேனாவுலயா, பென்சில்லயா?"

"பேனாவுலதான்" என்றான் தசரதன்.