காமாலைக்காக ஜெபித்தேன், உண்மை வெளியே வந்தது

என் கணவரின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் கவனித்தது நான் இல்லை, பால் ஊற்ற வந்த அக்கா. போன வருடம் பள்ளிக்கூடங்கள் திறந்த சமயம் அது. சாருக்குக் காமாலை மாதிரி தெரிகிறதே என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே போய் அவரை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள்.

அன்பானவர்களே, நான் எஸ்தர். கடலூர் முதுநகரில் இருக்கிறேன். சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் அருள், சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. வேலை விட்டால் ஜிம், ஜிம் விட்டால் சபை. ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அவர் நடந்து வந்தால் வாலிபப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அப்படிப்பட்டவருக்குக் காமாலை என்றதும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஓட்டல் தண்ணீர் என்றார்கள். வேலை செய்கிற இடத்துக் காற்று என்றார்கள். மாமியார் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். எதற்கும் கேட்கவில்லை. அரிப்பு ஆரம்பித்தது. சீப்பை எடுத்துச் சொறிந்துகொள்வார், ரத்தம் வரும். சிறுநீர் கறுப்பு டீ மாதிரி போனது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டினார்.

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காமாலைக் கிருமிக்கான பரிசோதனைகள் எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஸ்கேனில் கல்லும் இல்லை. ஆனால் கல்லீரல் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. பார்த்த டாக்டர் ஒரு அம்மா. வேறு மாத்திரை, ஊசி, பவுடர் ஏதாவது எடுக்கிறீர்களா என்று ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்டார். புரோட்டீன் பவுடர் மட்டும்தான் என்று ஒவ்வொரு முறையும் இவர் சொன்னார். காரணம் தெரியாமல் வைத்தியம் செய்வது கஷ்டம், இன்னும் ஏறினால் சென்னைக்கு அனுப்ப வேண்டும், மாற்றுக் கல்லீரல் வரைக்கும் போகலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். அழக்கூட வரவில்லை. அதுவரை, இவரைக் குணமாக்கும் என்று மட்டும்தான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது. "ஆண்டவரே, என்னன்னு எனக்குத் தெரியல. டாக்டருக்கும் தெரியல. உமக்குத் தெரியும். அத வெளிய கொண்டுவாரும்." அவ்வளவுதான் ஜெபம். எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் என் தம்பி டேவிட் அவரைப் பார்க்க வந்தான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். என் கணவரைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் அவனும் உடற்பயிற்சியில் இறங்கினான். கட்டில் ஓரமாக நின்று பேசிக்கொண்டே முழங்கையைச் சொறிந்தான். கொஞ்ச நேரத்தில் வயிற்றைச் சொறிந்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கணவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், எத்தன நாளா அரிக்குது?"

"ஒரு வாரமா இருக்கு மாமா. வேர்க்குரு போல."

"ஒண்ணுக்கு என்ன கலர்ல போவுது?"

தம்பி என்னைப் பார்த்தான். என் கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "எஸ்தர், டாக்டரக் கூப்பிடு. நான் ஒண்ணு சொல்லணும்."

டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். ஜிம்மில் பயிற்சி கொடுப்பவர் உடம்பு சீக்கிரம் ஏறுவதற்கு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். பிறகு ஊசியும் போட்டிருக்கிறார். ஸ்டீராய்டு. பல மாதமாக இது நடந்திருக்கிறது, என் வீட்டில், எனக்குத் தெரியாமல். அதே மாத்திரையைத் தம்பிக்கும் என் கணவர்தான் கொடுத்திருக்கிறார்.

டாக்டர் கோபப்படவில்லை. ஆஸ்துமாவுக்கும் மற்ற நோய்க்கும் டாக்டர்கள் எழுதித் தருகிற ஸ்டீராய்டு வேறு, தசை ஏறுவதற்காகத் தின்கிற இது வேறு, இது சிலருக்குக் கல்லீரலை இப்படி அடைத்துவிடும் என்று விளக்கினார். தம்பிக்கு அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கும் ஆரம்பித்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரே ஒருநாள் பேசினார். "எனக்கு என்ன ஆனாலும் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். சபையில எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்னு இருந்துச்சு. அவன் சொறியிறதப் பாத்தப்பதான் தாங்கல." அதைக் கேட்டபோதுதான் படிக்கட்டில் நான் செய்த ஜெபம் என் நினைவுக்கு வந்தது. நான் ஒருவருக்காகக் கேட்டேன். கர்த்தர் இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் சில நாள் மஞ்சள் ஏறத்தான் செய்தது. டாக்டர் காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தோம். தம்பி சீக்கிரம் தேறிவிட்டான். அவருக்கு அரிப்பு அடங்கவே மாதக்கணக்கில் ஆனது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவர் எழுந்து வந்தபோது சட்டை தொளதொள என்று தொங்கியது. எனக்கு அவர் அவ்வளவு அழகாக எப்போதும் தெரிந்ததில்லை.

போட்டியை விட்டுவிட்டார். இப்போதும் ரத்தப் பரிசோதனைக்குப் போய் வருகிறோம், அளவுகள் நல்லபடியாக இருக்கின்றன. தம்பியைக் கூட்டிக்கொண்டு பழைய ஜிம்முக்குப் போய், நடந்ததை அங்கிருந்தவர்களிடம் சொன்னார். பயிற்சியாளர் இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் வெளியே வந்து, தனியாக, எந்த டாக்டரிடம் போனீர்கள் என்று கேட்டார்கள். அது போதும்.

இதைச் சபை முன்னால் சொல்ல அவருக்கு வெட்கம். நீயே சொல்லு என்று என்னை அனுப்பினார். அதனால் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பேர் தெரியாத ஒரு வியாதி இருக்கலாம், அல்லது வாய் திறக்காத ஒரு மனிதர் இருக்கலாம். சுகத்தைக் கேளுங்கள், கூடவே வெளிச்சத்தையும் கேளுங்கள். என் தேவன் இரண்டையும் கொடுத்தார், உங்களுக்கும் கொடுப்பார். அவரை நம்புங்கள். டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.