பெடலுக்கு முன்னால் ஒரு பேர்

போன வாரம் ஒரகடம் கூட்ரோட்டில் டீ குடிக்க உட்கார்ந்தேன். டீ கொண்டுவந்த ஆள் அசாம் பக்கம். தமிழ் இப்போதுதான் பழகுகிறார். கிளாஸ் சூடாக இருந்ததால் "கை, ப்ரோ" என்றார். மேசைமேல் இருந்த என் கை தானாகத் துள்ளி மடியில் விழுந்தது. அவர் பயந்துவிட்டார். ஒன்றுமில்லை என்று சிரித்து வைத்தேன்.

எனக்கு வயது ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. என்னையும் ப்ரோ என்கிறார். பக்கத்தில் அடையாள அட்டை மாட்டிய ஆபீஸரையும் ப்ரோ என்கிறார். பால் ஊற்றுகிறவரும் ப்ரோ. நல்ல வார்த்தைதான். ஆளைப் பார்த்து மாற்ற வேண்டியதில்லை. எங்களுக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை.

ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்தார். சட்டையில் மெஷின் எண்ணெய் வாடை. அந்த வாடை வந்தால் எனக்கு 91-ஆம் வருஷம்தான். அந்த வருஷம் பெரும்புதூர் பேர் உலகத்துக்கே தெரிந்தது. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த வருஷம்தான்.

ரோட்டோரம் சின்னக் கம்பெனி. லாரிக்குத் தகடு வளைக்கிற வேலை. ஒரு பிரஸ் மெஷினுக்கு இரண்டு பேர். ஒருவர் தகட்டை உள்ளே வைத்து எடுப்பார். இன்னொருவர் பெடலை மிதிப்பார். மிதித்தால் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். உள்ளே எது இருந்தாலும் இறங்கும். அதனால் மிதிக்கும் முன் எதிராளியின் பேரைச் சொல்லி, "கை" என்று கத்த வேண்டும். அவர் "ஆங்" என்றால் மிதிக்கலாம். பாதி ஷிப்ட் நான் பெடல், பாதி ஷிப்ட் அவர்.

என் எதிராளி பாலு. இப்படி எழுதும்போது பேர் வந்துவிடுகிறது. வாயில்தான் வராது.

அவனும் எங்கள் ஊர்தான். வல்லம் வடகாலுக்கு அந்தப் பக்கம். அவர்கள் தெரு வேறு, எங்கள் தெரு வேறு. அவர்கள் நிலத்தை எங்கள் அப்பா வாரத்துக்கு உழுதார். விளைந்ததில் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. எங்கள் சோறு அதுதான். எங்கள் தெருவில் பாலுவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பாகூட "சின்னவரே" என்பார். அவன் என்னைவிட ஒரு வயது சின்னவன். பத்தாவது ஃபெயில். நான் அஞ்சாவதோடு நின்றவன். பிரஸ்ஸுக்கு இது எதுவும் தெரியாது.

முதல் இரண்டு நாள் நான் இருமிக்கொண்டிருந்தேன். இருமல் கேட்டால் கையை எடுப்பான் என்று கணக்கு. பாலு, "ஜலுப்பு புட்ச்சிக்கிச்சா?" என்று கேட்டான். மூன்றாம் நாள் "சின்னவரே, கை" என்றேன். சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏல, நீ மரியாத சொல்லி முடிக்கதுக்குள்ள அவன் கை போயிரும். பேரச் சொல்லுல."

சொன்னேன். அடி விழப்போகிற மாதிரி தோள் ஒடுங்கியது. பாலு "ஆங்" என்றான். மிதித்தேன். தகடு வளைந்தது. அவ்வளவுதான் நடந்தது.

பிறகு பழகிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை தகடோ அத்தனை தடவை அந்தப் பேர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருவோம். எங்கள் ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் நான் எழுந்து நின்றுகொள்வேன். இறங்கியதும் அவன் முன்னால் நடப்பான். நான் பீடி பற்ற வைக்கிற மாதிரி பின்தங்குவேன். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் கம்பெனி வார்த்தைகள் ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. எங்கள் அம்மா இரவுச் சோற்றை "செகண்ட் ஷிப்ட் சோறு" என்பாள். மாடு ஏர் இழுக்காமல் நின்றால் அப்பா, "ஓ.டி. கேக்குது போல" என்பார். லைன், லீவு, சூப்பர்வைசர் எல்லாம் தெருவில் நடந்தன. அந்தத் தெருவிலும் நடந்தன, இந்தத் தெருவிலும் நடந்தன. யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

ஆவணியில் சொர்ணவாரி நெல் அறுப்பு. பாலு வீட்டில் நெல் அடிக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. களத்தில் நான் வைக்கோல் இழுத்துக்கொண்டிருந்தேன். பாலு கதிர்க்கட்டுகளை எடுத்து மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். முழுக்கைச் சட்டை, பட்டன் போடவில்லை. கதிர் ஒன்று சிக்கியது. அதை இழுக்க அவன் கை உள்ளே போனது.

"பாலு, கை!"

யோசித்துச் சொன்னது இல்லை. யோசித்திருந்தால் வேறு மாதிரி கூப்பிட்டிருப்பேன். கை போயிருக்கும். அவனும் யோசிக்காமல் "ஆங்" என்று கையை இழுத்தான். சட்டைக் கை மட்டும் கிழிந்து உள்ளே போனது.

யாரோ இன்ஜினை நிறுத்தினார்கள். யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

பாலுவின் சித்தப்பா கேட்டார்: "இன்னாடா கூப்ட்ட?"

அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். "தெரியாம வந்துட்ச்சிங்க. கம்பெனி பழக்கம்."

"கம்பெனி பழக்கத்த கம்பெனிலயே வுட்டுட்டு வர்ணும். உனுக்கு நிலம் வேணுமா வாணாவா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். இனிமேல் பேரைச் சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். சித்தப்பாவுக்கு அது போதவில்லை.

"எங்கயும்?"

"எங்கயும்."

பாலு கிழிந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான். சித்தப்பா பார்த்ததும் மூடிக்கொண்டான்.

வீட்டில் அம்மா கேட்டாள். "கை தப்பிச்சிச்சே, அத்த யாரானா சொன்னாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. சோறு போடு" என்றார் அப்பா.

மறுநாள் பிரஸ். பக்கத்து மெஷினில் பாலு தெருக்காரர்கள் இரண்டு பேர். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் பெடல் பக்கம். பாலு தகட்டை வைத்தான். நான் கூப்பிடவில்லை. மிதிக்கவும் இல்லை. கூப்பிட்டால் நிலம் போகும். கூப்பிடாமல் மிதித்தால் அவன் கை போகும். மெஷின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னல, வேல நிக்கி?" சூப்பர்வைசர் அங்கிருந்தே கேட்டார்.

"தகடு ஒக்காரல சார்" என்றான் பாலு. பிறகு என்னிடம் மெதுவாக, "கூப்புடு."

"வாக்கு குட்த்துட்டேன்."

பாலு குனிந்தான். டூல் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்து என் கையில் வைத்தான். "இத்தால தட்டு."

மெஷின் காலில் தட்டினேன். டங் என்றது. அவன் கையை எடுத்து "ஆங்" என்றான். மிதித்தேன்.

பாதி ஷிப்ட் ஆனதும் இடம் மாறினோம். இப்போது அவன் பெடல். நான் தகட்டை வைத்துவிட்டு என் பேருக்காகக் காத்திருந்தேன். அவனுக்கு என் பேரைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. ஊரே சொல்லும், டா போட்டுச் சொல்லும்.

டங் என்றது.

கையை எடுத்து "ஆங்" என்றேன். அவன் மிதித்தான். அதற்குப் பிறகு ஒருவர் பேரை ஒருவர் சொன்னதே இல்லை. "இன்னாடா, கோயிலாடா இது, மணி அடிக்கிறீங்க?" என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். கத்துவதைவிட இது நன்றாகக் கேட்கிறது என்று சூப்பர்வைசர் எல்லா பிரஸ்ஸுக்கும் ஸ்பானர் கொடுத்தார். பிறகு சேர்ந்தவர்கள் அதுதான் முறை என்று நினைத்துத் தட்டினார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

அப்பா அந்த நிலத்தை இன்னும் சில வருஷம் உழுதார். பிறகு நிலம் விற்றுப் போனது. வாரத்துக்கு உழுதவரை யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. களம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனி மதில். உள்ளே ஆள் கை நீட்டினால் மெஷின் தானாக நிற்குமாம். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

பாலு படப்பையில் பிளாட் வாங்கி வீடு கட்டிக்கொண்டான். கொஞ்ச நாள் முன்னால் அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். பந்தியில் தூரத்தில் நின்றான். இரண்டு பேருக்கும் பிரஸ் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. டம்ளரை எடுத்து இரும்பு மேசையில் தட்டினேன். அத்தனை கூட்டத்தில் அவன் ஒருவன் திரும்பினான்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பேரச் சொல்லிக் கூப்ட்டா இன்னா? இப்போ யாரு கேக்கப் போறா?"

"வர்ல" என்றேன்.

தலையாட்டினான். என்னை எப்படிக் கூப்பிடுவான் என்று பார்த்தேன். அவனும் கூப்பிடவில்லை. இலை போடுகிறவர் வந்து, "ரெண்டு ப்ரோவும் கைய எடுங்க" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுத்தோம்.