துப்பாக்கி முனையில் வாய் வைத்தவர்

விழுப்புரத்திலிருந்து வரும் காலைப் பஸ்ஸின் கண்டக்டர், என் கடை வாசலில் ஒரு வெற்றிலைக் கட்டை வீசிவிட்டு விசில் கொடுப்பது வழக்கம். போன வாரம் அவர் பஸ்ஸைவிட்டு இறங்கினார். தோளில் தொங்கிய தோல்பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பையத் தச்ச கை போயிடுச்சிங்க. சவரிமுத்து அண்ணன் ராத்திரி தவறிட்டாரு" என்றார். நான் பெரிய பெரிய சாவுகளையெல்லாம் தாங்கியவன். அன்றைக்குக் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பஸ் நின்றபடி நின்றது; ஒரு பிரயாணிகூடச் சத்தம் போடவில்லை. பாதிப்பேர் இடுப்பில் இருந்தது அண்ணன் தைத்த பெல்ட்.

திண்டிவனம் கடைத்தெருவில் அவரைத் தெரியாதவர் கிடையாது. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தோல் சாமான் கடை எங்கள் இருவருடையது. அண்ணனுக்கு வீடு விழுப்புரத்தில். தினமும் ரயிலில் வந்து ரயிலில் போவார். கை வேலை அவருடையது, வாய் வேலை என்னுடையது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன்தான். ஆனாலும் நான் பேச ஆரம்பித்தால் மெட்ராஸ் வியாபாரிகள் வந்த வேலையை மறந்துவிட்டு நிற்பார்கள். கண்டக்டர் பை, மாட்டுக்குச் சலங்கைப் பட்டை, அரிசி மில்லுக்கு வார் என்று அண்ணன் தைக்காதது இல்லை. ஆனால் அவர் பேர் வாங்கியது துப்பாக்கி உறையால். தென்னாற்காடு ஜில்லாவில் ரிவால்வர் கட்டிய அதிகாரி யாராக இருந்தாலும் நம் கடைப் படி ஏறியே ஆகவேண்டும். கவர்னருக்குக் காவல் நிற்பவரே சொல்லியனுப்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடக்கம் என்பது அண்ணனிடம் கிடையாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் தோல் வேலை செய்வார். சட்டையில் கறை பட்டால் அவன் வேலை தெரியாதவனாம். காணையிலிருந்து வந்த கரும்புக்காரர் ஒருவர் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எத்தினி வருசம் உழைக்கும்?" என்றார்.

"உங்க இடுப்பு எத்தினி வருசம் உழைக்கும்னு சொல்லுங்க. அதுக்குத் தக்கின தோலாப் போடறேன்" என்றார் அண்ணன். கரும்புக்காரர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மகனுக்கும் சேர்த்து வாங்கிப்போனார்.

உறை செய்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தைத்த தோலை நனைத்து, எண்ணெய்க் காகிதம் சுற்றிய ரிவால்வரை உள்ளே விட்டு, விரலால் அழுத்தி அழுத்தி அதன் உருவத்தைத் தோலில் எடுக்கவேண்டும். பிறகு நிழலில் காயவேண்டும். சர்க்கார் துப்பாக்கியைக் கடையில் விட்டுவிட்டுப் போக முடியுமா? அதனால் ஒரு ஏட்டய்யா காவலுக்கு வந்து, எங்கள் ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். "கைதிக்கு ஜாமீன் கெடைக்கச் சாயங்காலம் ஆவும். டீ சாப்ட்டு வாங்க ஏட்டய்யா" என்று அண்ணன் சீண்டுவார். ஏட்டய்யா கண்ணை எடுக்கமாட்டார்.

இனி நான் சொல்லப்போவது மயிலத்துப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் நடந்தது. ஊர்ப் பேர் வேண்டாம். அந்த சப்-இன்ஸ்பெக்டர் இப்போது பெரிய இடத்தில் இருக்கிறார். மறுநாள் மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று, உறையை ஈரம் காயும் முன்பே கேட்டு வந்து நின்றார்.

"நெழல்ல காயட்டுங்க. ஜல்தி பண்ணா தோலு கோவிச்சிக்கும்" என்றார் அண்ணன்.

"கோவிச்சிக்கினு இன்னாய்யா பண்ணும்? கடிக்குமா?" என்று சிரித்தபடி அவர் எடுத்துப்போனார்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. இறங்கிய ஏட்டய்யா முகத்தில் ரத்தமே இல்லை. "சவரி அண்ணே, கடிச்சிடுச்சி" என்றார்.

விஷயம் இதுதான். சப்-இன்ஸ்பெக்டர் அந்த ஈர உறையில் தோட்டா போட்ட ரிவால்வரைச் செருகி, வெயில் படும்படி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார். தோல் சுருங்கித் துப்பாக்கியைக் கவ்விக்கொண்டது. சுருங்கிய தோல் விசையின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. இழுத்தால் வெடிக்கலாம், கத்தியை வைத்தாலும் வெடிக்கலாம். துப்பாக்கி வெளியே வராமல் தோட்டாவையும் கழற்ற முடியாது. மேலதிகாரி வந்து எடுத்துக் காட்டச் சொன்னால் சப்-இன்ஸ்பெக்டர் வேலை அன்றோடு சரி.

அதே ஜீப்பில் நாங்கள் இருவரும் போனோம். அண்ணன் ஸ்டேஷன் மேஜைமேல் இருந்த உறையைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தண்ணி வுட்டா துப்பாக்கி துருப்பிடிக்கும். எண்ணெ வுட்டா தோலு செத்துடும். மனுசன் மூச்சுச் சூடு ஒண்ணுக்குத்தான் இது எளகும்" என்றார். உறையின் அடிமுனையில் ஒரு ஓட்டை உண்டு. அதில் வாயை வைத்து ஊதவேண்டும். அந்த ஓட்டைக்கு நேரே இருப்பது துப்பாக்கிக் குழல். அதாவது, தோட்டா நிரம்பிய துப்பாக்கியின் முனையில் வாயை வைக்கவேண்டும்.

சப்-இன்ஸ்பெக்டர் மேஜைக்குக் குறுக்கே வந்து நின்றார். "வேணாம் சவரி. என் வேல போனாப் போவட்டும்."

"உங்க வேலைக்கா நான் ஊதறேன்? கடிச்சது என் தோலு. நான் சொன்னாத்தான் வாயத் தொறக்கும். ஒரு நாற்காலி போடுங்க" என்றார் அண்ணன். சப்-இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியையே தூக்கி வந்து போட்டார்.

ஸ்டேஷனே வாசலுக்குப் போய்விட்டது. லாக்கப்பில் இருந்த கோழித் திருடன், "ஐயா, என்னயும் இஸ்துக்கினு போங்க" என்று கம்பியைப் பிடித்து அழுதான். நான் மட்டும் சிங்கம்போல அண்ணன் பக்கத்தில் நின்றேன். நடுவில் ஒரு தூண் இருந்தது வாஸ்தவம். அது கட்டடத்துக்காகக் கட்டிய தூண்.

ஊதும் முன் என்னைப் பார்த்தார். "தணிகாசலம், எதுனா ஆச்சின்னா வூட்ல ஆரோக்கியத்துகிட்ட போயிச் சொல்லு. தையல் வுடலன்னு சொல்லு."

கண்ணை மூடி ஊத ஆரம்பித்தார். குழந்தைக்கு அடிபட்ட இடத்தில் தாய் ஊதுவதுபோல மெல்ல, விடாமல். ஊதிக்கொண்டே ஒரு விரலால் விசைமேல் இருந்த தோலைத் தடவிக்கொடுத்தார். வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியது. உள்ளே அமுங்கிக் கிடந்த தோல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்தில் பனமலை ஏரியில் ஒரு கொக்குகூட அசையவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அப்புறம் அண்ணன் பிடியைப் பற்றினார். ஊறிய மொச்சை தோலைவிட்டுப் பிதுங்குவதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது துப்பாக்கி.

சப்-இன்ஸ்பெக்டர் தோட்டாக்களைக் கழற்றும்போது ஒன்று நழுவித் தரையில் உருண்டது. அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உறையை வெளிச்சத்தில் பிடித்து, "பாத்தியா, தையல்ல ஒரு கண்ணி நகரல" என்றார். இப்படி ஒரு மனிதரோடு ஒரே கூரையின்கீழ் கடை வைத்திருந்தேன் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

போன வாரம் விழுப்புரம் வீட்டுக்குப் போனேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஆரோக்கியம் அண்ணி உட்கார்ந்திருந்தார். அன்று அண்ணன் சொல்லச் சொன்ன சேதிக்கு அப்போது வேலை இல்லாமல் போய்விட்டது. இப்போதாவது சேர்த்துவிடலாம் என்று, "அண்ணி, தையல் வுடலன்னு அண்ணன் உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு" என்றேன்.

"எந்தத் தையலு தம்பி?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முழுக்கச் சொன்னேன். அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு, பெட்டியில் கிடந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கா? சட்டையெல்லாம் வேர்வையா இருக்குதேன்னு கேட்டேனே. சினிமாவுக்குப் போனேன், ஒரே புழுக்கம், படம் சுமாருன்னு சொன்னியே, பாவி மனுசா!"

திண்டிவனத்தில் நான் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. ரயில் ஏறி அது விழுப்புரம் வரைக்கும் போகவே இல்லை. ஒரு பெல்ட் தைத்தாலே ஊரைக் கூட்டுகிற மனிதர். கரும்புக்காரர் இடுப்பைப் பற்றி அண்ணியிடம் மாதக்கணக்கில் சொல்லிச் சிரித்தவர். இந்த ஒன்றை மட்டும் முழுங்கிவிட்டார். தினமும் தான் ரயில் ஏறிய பிறகு வீட்டில் ஒருத்தி பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்று.

துப்பாக்கி முனையில் வாய் வைப்பதைக்கூட, சமயம் வந்தால் நானும் செய்வேன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்வேன். அதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய், வேர்த்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே அப்படிச் சொல்ல எனக்கு வராது. கடையும் கருவிகளும் யாரிடம் வேண்டுமானாலும் போகட்டும். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான்: "படம் சுமாரு."