கரிசலுக்குள் தண்ணீர் போகும் வழி

நான் கோட்பாட்டு வேதியியல் பேராசிரியை. சோதனைக்குழாய், அமிலம், பர்னர் எதுவும் என் வேலையில் கிடையாது. ஒரு மூலக்கூறு இன்னொன்றின் பக்கத்தில் எப்படி உட்காரும், எப்போது விலகும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில், உப்பில் இருக்கும் அயனியைச் சுற்றித் தண்ணீர் எப்படி வளையமாக நிற்கிறது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டுரைகளைப் படிக்கிறவர்களை உலகம் முழுக்கத் தேடிச் சேர்த்தாலும் ஒரு மினி பஸ் நிறையாது. எனக்கு அதில் குறை ஒன்றும் இருக்கவில்லை.

கோவில்பட்டியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் அக்கா, கழுகுமலை ரோட்டில் புதிதாகப் பிரித்த மனையில் வீடு கட்டினாள். அதற்கு முன்னால் அது பருத்தி விளைந்த கரிசல் காடு. குடிபோய் அதிக காலம் ஆகவில்லை, பின்பக்கச் சுவரில் விரிசல் விட்டுவிட்டது. ஒரு சித்திரையில் லீவுக்குப் போனபோது என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஐப்பசி மழையில் இதுவே ஒட்டிக்கொள்ளும், ஆனால் அப்போது பின்கதவைத் திறக்க முடியாது என்றாள். வீடு கட்டிய இன்ஜினியரைக் கேட்டதற்கு, கரிசல் மண் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

நான் பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். இந்த மண்ணின் களி, காகிதக் கட்டு மாதிரி தாள் தாளாக அடுக்கியிருக்கும். தாள்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் கட்டு உப்பும், காய்ந்தால் சுருங்கும்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். "உப்புதுன்னு எல்லாரும்தான் சொல்லுதாவ. எம்புட்டுத் தண்ணி உள்ள போகும், எங்கன போயி நிக்கும்? நீ கணக்குப் போடுதவதான, அதச் சொல்லு."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஊர் திரும்பும் ரயிலில் அதே யோசனையாக இருந்தது. அந்தத் தாள்களுக்கு நடுவே இருப்பவை நான் தினமும் பார்க்கிற அதே அயனிகள். அவற்றைச் சுற்றி நிற்பதும் அதே தண்ணீர். இத்தனை வருடம் நான் கணக்குப் போட்டது அக்கா வீட்டுச் சுவருக்கு அடியில் நடப்பதைத்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கணக்கு மட்டும் போதாது, மண்ணைத் தொட்டு வேலை செய்கிறவர் ஒருவர் வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மண் இயக்கவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவரைத் தேடிப் போனேன். என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். முதல் நாள் ஒரு மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமலே பேசினோம். நான் 'மாதிரி' என்றது கணினிக்குள் நான் கட்டிய களித் தாள்களை. அவர் 'மாதிரி' என்றது காட்டில் தோண்டி எடுத்து வந்த மண்ணை. கடைசியில் அவர் மெதுவாக, "மேடம், உங்க மாதிரிய ஒரு டப்பாவுல போட்டுக் கொண்டாருங்களேன், பாப்போம்" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, இதற்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டோம்.

சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. கரிசலில் இயல்பாகவே சுண்ணாம்புச் சத்து உண்டு. அதனால் தாள்களுக்கு நடுவே பெரும்பாலும் கால்சியம்தான் இருக்கும். கால்சியம் இரண்டு பக்கத் தாளையும் இழுத்துப் பிடித்திருப்பதால், உப்பல் ஓர் அளவோடு நின்றுவிட வேண்டும் என்றது என் கணக்கு. அக்கா மனைக்குப் பக்கத்துக் காட்டில் அவர் வெட்டி எடுத்த மண்ணோ நிற்காமல் உப்பிக்கொண்டே போனது. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அவரும் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார். இரண்டும் ஒத்துப்போகவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் வந்தது. குழுவில் ஒருவர், இது வேதியியலா, கட்டடப் பொறியியலா என்று கேட்டார். இரண்டும் என்றேன். சொன்னதில் எனக்கே நம்பிக்கை இல்லை. உயர்வு கிடைக்கவில்லை. பழைய வேலைக்கே திரும்பிவிடலாமா என்று அக்காவிடம் போனில் கேட்டேன்.

"கணக்கு தப்பா, மண்ணு தப்பான்னு தெரியாம விட்டுட்டு வந்தா உனக்கு ஒறக்கம் வருமாட்டி?" என்றாள்.

வராது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அடுத்த கோடையில் அவருடைய ஆய்வகத்துக்குப் போனபோது நல்ல வெயில். அங்கே இருந்த குழாயைத் திறந்து முகம் கழுவினேன். உதட்டில் பட்ட தண்ணீர் கரித்தது. எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர், குடிக்க முடியாது. முகத்தைத் துடைக்காமலே அவரிடம் போனேன்.

"சார், மண்ணக் கழுவுதது எந்தத் தண்ணியில?"

"முதல்ல கழுவுதது இந்தக் குழாய்லதான். டெஸ்டுக்கு மட்டும் காய்ச்சி வடிச்ச தண்ணி" என்றவர், சொல்லி முடிப்பதற்குள்ளேயே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

உப்புத் தண்ணீரில் இருக்கும் சோடியம், தாள்களுக்கு நடுவே போய்க் கால்சியத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கால்சியத்துக்கு உள்ள பிடி அதற்குக் கிடையாது. பிறகு நல்ல தண்ணீர் பட்டதும் தாள்கள் விலகிக்கொண்டே போகின்றன. அவர் சோதித்தது அக்கா மனைப் பக்கத்து மண்தான், ஆனால் எங்களை அறியாமல் நாங்களே மாற்றிவிட்ட மண். தனித்தனியாக இந்த விஷயம் இருவருக்கும் பாடத்தில் தெரிந்ததுதான். ஒரு மேசையில் சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று.

புதிதாக மண் வெட்டி எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை காய்ச்சி வடித்த தண்ணீரிலேயே கழுவிச் சோதனையை ஆரம்பித்தார். ஒரு நாள் வகுப்பு முடித்து வெளியே வரும்போது போன் வந்தது.

"மேடம், உப்புதது நின்னுட்டு."

"எங்க சார்?"

"நீங்க சொன்ன இடத்துலயே."

வராந்தாவிலேயே உட்கார்ந்து, பின்சுவரோரம் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறாள் என்று கேட்க அக்காவுக்குப் போன் போட்டேன். மாணவிகள் என்னவோ ஏதோ என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

அக்காவிடம் கேட்டால், பின்சுவரை ஒட்டிக் கனகாம்பரமும் வாழையும் வைத்து, கோடை முழுக்க ஆழ்குழாய்த் தண்ணீரைத்தான் பாய்ச்சியிருக்கிறாள். அதன் மேல் மழை பெய்தால் மண் என்ன செய்யும்? செடிகளைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னோம். அவர் நேரில் வந்து நின்று, சுவரோரத்து மண்ணில் சுண்ணாம்பு கலந்து கெட்டித்து, மழைத் தண்ணீர் இறங்காதபடி சுற்றிலும் தளம் போடவைத்தார். பூச்செடி போனதே என்று அக்காவுக்குக் கொஞ்ச நாள் மனத்தாங்கல் இருந்தது. ஐப்பசியில் பின்கதவு திறந்தது. விரிசல் அடியோடு மறையவில்லை, ஆனால் அதற்கு மேல் விரியவில்லை. பூசி வெள்ளையடித்தாள். இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அடுத்த நேர்காணலில் அதே கேள்வி, வேறொருவர் வாயிலிருந்து வந்தது. இரண்டும்தான் ஐயா என்று சொல்லி, எப்படி என்பதை மண்ணை வைத்தே விளக்கினேன். இந்த முறை கேட்டவர்கள் குறுக்கே பேசவில்லை. பேராசிரியை ஆனேன். இப்போது மண்ணைச் சோதித்த அந்தப் பொறியாளரும் நானும் சேர்ந்து ஒரு பாடம் எடுக்கிறோம். அவர் மாணவர்கள் என் சமன்பாட்டைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். என் மாணவர்கள் அவருடைய மண்ணில் கை வைக்கத் தயங்குவார்கள். அரைப் பருவத்துக்குள் இரண்டும் சரியாகிவிடும்.

சமீபத்தில் எங்களோடு மூன்றாவதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார், மானாவாரிப் பயிர்களை ஆராய்கிற வேளாண் விஞ்ஞானி. மழை விட்ட பிறகு கரிசல் எத்தனை நாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதில் எவ்வளவு வேருக்குக் கிடைக்கும் என்பது அவருடைய கேள்வி. புதூருக்கு அந்தப் பக்கம் அவர் பார்க்கும் காட்டுக்கு மூவரும் போயிருந்தோம். முந்தின நாள் மழை. செருப்பு முழுக்க அப்பிக்கொண்ட களியைக் குச்சியால் சுரண்டியபடியே பேசினோம். பொறியாளருக்கு மண்ணில் தண்ணீர் நிற்கக் கூடாது, இவருக்கு நின்றாக வேண்டும். அதை வைத்து இருவரும் விளையாட்டாகச் சண்டை போட்டார்கள்.

கிளம்பும்போது வேளாண் விஞ்ஞானி என்னிடம், "விதைப்புக்கு முந்திச் சொல்லிருவீங்களா மேடம்? இங்கன வெள்ளாம பண்ணுத சம்சாரிக கேட்டுக்கிட்டு இருக்காவ" என்றார்.

முழு விடை அதற்குள் வராது, பாதியாவது சொல்லப் பார்க்கிறேன் என்றேன். விதைப்புப் பருவத்துக்குள் என் கணக்கு வேண்டும் என்று யாரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. கோவில்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் கணினியைத் திறந்து வைத்து, எந்தத் தாளிலிருந்து தொடங்குவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.