மூன்று முறை 'முடியாது' வாங்கிய அனியெலா

"ஆடாதீங்க. அந்தக் காதை வெளிய விடுங்க. திருடின பொருள் மாதிரி எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று சொல்லிக்கொண்டே அனியெலா ராஃபாச், முக்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முடியை எடுத்து இடது காதுக்குப் பின்னால் சொருகுகிறார். பாஸ்போர்ட் படத்தில் இடது காது தெரிய வேண்டும் என்ற சட்டம் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. முகம் நேராக இருந்தால் இப்போது போதும். அதைச் சொன்னால், "சட்டம் இன்னிக்குப் போகும், நாளைக்கு வரும். காது இருக்கட்டும்" என்பார். நோவி தார்க் ஊரில் பாதிப்பேரை அவர் இடது காதை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார்.

நான் லெஷெக். அடுத்த கடையில் மூக்குக்கண்ணாடி விற்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்புதான். அவர் அங்கே தும்மினால் நான் இங்கிருந்து "நூறு வயசு" என்று சொல்வேன். பதிலுக்கு, "அவ்வளவு காலம் உங்க மூஞ்சியப் பாக்கணுமா?" என்று வரும். பதினெட்டு வருடமாக இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் ஊர் மரியாதைப்படி பெண்ணுக்குப் 'பானி', ஆணுக்குப் 'பான்' என்று பெயருக்கு முன்னால் சேர்க்காமல் கூப்பிட்டதில்லை.

படம் எடுப்பது, நகல் எடுப்பது, உறையும் பேனாவும் விற்பது என்று அவர் கடைப் பலகையில் எழுதியிருக்கும். ஆனால் ஜனங்கள் வருவது வேறொன்றுக்காக. நம் போலந்துப் பாஸ்போர்ட்டை நீட்டினால் எந்த நாட்டுக் கதவு எப்படித் திறக்கும் என்பது அனியெலாவுக்கு மனப்பாடம். வியாழக்கிழமைச் சந்தைக்கு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியின் புகை வாடையோடு உள்ளே வந்து, நாட்டின் பெயரை மட்டும் சொல்வார்கள்.

"ஜார்ஜியா."

"அடையாள அட்டை போதும்."

"இங்கிலாந்து."

"பாஸ்போர்ட் வேணும். அந்தக் காலம் மாதிரி அட்டைய ஆட்டிக்கிட்டுப் போகலாம்னு கனவு காணாதீங்க. போன மாசம் உங்க பக்கத்து வீட்டுக்காரர் விமான நிலையத்துலேருந்தே திரும்பி வந்தாரு. மூணு கிலோ தொத்திறைச்சியையும் திருப்பித் தூக்கிட்டு."

"இந்தியா, பானி அனியெலா. என் மக யோகாவுக்குப் போறா."

"விசா. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசம் உயிரோட இருக்கணும். அவளுக்கு இங்க முதுகு வளையாதாமா?"

இத்தனை தெரிந்தவர் போன அதிகபட்சத் தூரம், மலைக்கு அந்தப் பக்கம் ஸ்லோவாக்கியா. அதுவும் சோப்பு வாங்க.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒருவராவது சிகாகோவில் இருப்பார்கள். அங்கே கூரை வேயவும் வீடு துடைக்கவும் போனவர்கள். அமெரிக்க விசா என்பது இங்கே கல்யாணப் பேச்சு மாதிரி. கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்று தெருவே கேட்கும். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் நமக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தபோது கடைவீதியில் ஒருவர் அக்கார்டியன் வாசித்தார். விசாவுக்குப் பதில் கணினியில் ஒரு படிவம். ஊரில் அதை 'எஸ்டா' என்பார்கள். பத்து நிமிட வேலை. ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது: உங்களுக்கு எப்போதாவது அமெரிக்க விசா மறுக்கப்பட்டதா?

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைப் போடுவது, மீன்காரனிடம் கை நாறுமா என்று கேட்பது போல. யாருக்குத்தான் மறுக்கப்படவில்லை?

"'இல்ல'ன்னு போட்டு விடுங்க, பானி அனியெலா" என்று கெஞ்சுவார்கள். "தொண்ணூத்தி மூணுல நடந்தது. மறுத்த ஆபீசரே போய்ச் சேர்ந்திருப்பான்."

"ஆபீசர் போயிருப்பான். காகிதம் போகாது. மலைத் தெரு வ்வாதெக் 'இல்ல'ன்னுதான் போட்டாரு. என்கிட்ட இல்ல, வேற எடத்துல. சிகாகோ வரைக்கும் பறந்தாரு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பையன் பூங்கொத்தோட நிக்கிறான். இந்தப் பக்கத்துலேயே பிடிச்சு, அடுத்த விமானத்துல ஏத்தி அனுப்பிட்டாங்க. அப்பனும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்ல."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கிண்டல் இருக்காது.

அவருக்கே மூன்று முறை மறுத்திருக்கிறார்கள். அந்தக் கதையை யார் கேட்டாலும் சொல்வார், சிரித்துக்கொண்டே. "முதல் தடவ, கல்யாணம் ஆகல, போனா அங்கேயே இருந்துடுவேன்னு குடுக்கல. ரெண்டாந் தடவ, புருஷனுக்கு வேல இல்லன்னு குடுக்கல. மூணாந் தடவ, புருஷனே இல்லன்னு குடுக்கல. நாலாந் தடவ போனா என்ன சொல்வாங்களோன்னு பயந்து போகல." மூன்று தடவையும் கிராக்கூவிலுள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்துக்கு விடிகாலைப் பேருந்து, தெருவோடு நீண்ட வரிசை, கண்ணாடிச் சன்னல், அதற்குப் பின்னால் ஒரே கேள்வி. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

அவர் போக நினைத்தது ஊர் சுற்ற அல்ல. தம்பி யெந்த்ரெக் தொண்ணூறில் சுற்றுலா விசாவில் சிகாகோ போனவன் திரும்பவில்லை. கூரை வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் ஆயிற்று. அங்கே தங்குவதற்கான காகிதம் மட்டும் ஆகவில்லை. அவன் வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. இவர் உள்ளே போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கைபேசியில் முகம் பார்த்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு கிண்ணம் சூப்பை எதிரே வைத்துக்கொண்டு, யாருடையதில் புளிப்பு அதிகம் என்று சண்டை போடுவார்கள். முப்பத்து நான்கு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடாத இரண்டு பேர்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் பலகைக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அனியெலா நகல் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"நுரையீரல்" என்றார். "ஈஸ்டர் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஃபோன்ல சிரிக்கிறான், மடையன். 'அக்கா, இந்தத் தடவ சூப்பு எடுத்துக்கிட்டு நேர்ல வா'ங்கிறான்."

கணினியின் முன் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் கட்டைவிரல் நகம் வெட்டுகிற வேகத்தில் முடிந்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

நான் ஒன்றும் யோக்கியனில்லை. "'இல்ல'ன்னு போடுங்க, பானி அனியெலா" என்றேன். "சத்தியமா சொல்றேன், போட்டுட்டுப் போங்க. கடைசித் தடவ மறுத்தது பழைய பாஸ்போர்ட்டுல, இருபது வருஷம் ஆச்சு. பத்துக்கு ஒன்பது பேரை விட்டுடறாங்க."

"அந்தப் பத்தாவது ஆளு நானா இருந்தா?"

"அப்படியெல்லாம் ஆகாது."

"ஆயிட்டா? அவனால நடக்க முடியல, பான் லெஷெக். ஆனாலும் விமான நிலையத்துக்கு வருவேன்னு அடம் பிடிக்கிறான். சக்கர நாற்காலியில கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருப்பான். நான் வரமாட்டேன். அவன் கடைசியாப் பாக்கிறது அந்தக் கதவாத்தான் இருக்கும். அதுக்கு நான் இங்கேயே இருந்துட்டுப் போறேன்."

'ஆம்' என்பதை அழுத்தினார். எந்த ஆண்டு, எந்த இடம் என்று கேட்டது. மூன்றையும் வரிசையாக எழுதினார்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. பயணத்துக்கு அனுமதி இல்லை. விசா வேண்டுமென்றால் நேரில் விண்ணப்பிக்கலாம். எனக்கு வந்த கோபத்தில் திரையை உடைத்திருப்பேன். ஊரெல்லாம் பொய் சொல்லிவிட்டுப் பறக்கிறது, உண்மை சொன்ன ஒரு பொம்பளைக்குக் கதவை அடைக்கிறார்கள் என்று கத்தினேன். அனியெலா தேநீரில் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியால் அழுத்திக்கொண்டே, "கத்தாதீங்க, வாடிக்கையாளர் பயப்படுவாங்க. நாலாந் தடவ போகணும்னு எழுதியிருக்கு போல" என்றார்.

டாக்டரின் கடிதத்தை அனுப்பியதால் பன்னிரண்டாம் நாளே நேர்காணல் கிடைத்தது. இனி அந்தப் பழைய கேள்விக்குப் பதில் வேண்டும். கடை வாடகைப் பத்திரம், ஓய்வூதிய அட்டை, வீட்டுப் பத்திரம் என்று மேசை முழுக்கப் பரப்பினார். ஊருக்கெல்லாம் இந்தக் கோப்புகளை அடுக்கித் தந்தவர், தன்னுடையதை மூன்று நாள் அடுக்கிக் கலைத்தார்.

"இதெல்லாம் போன தடவையும்தான் கொண்டு போனேன்" என்றார். "கடைய மூடிட்டுப் போகலாம். வீட்ட விக்கலாம். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கிறவங்க முட்டாள் இல்ல. எனக்கு அறுபத்தி ரெண்டு வயசு, பிள்ள குட்டி இல்ல, கூடப் பொறந்தவன் அங்க இருக்கான். அவங்க எடத்துல நான் இருந்தாலும் கேப்பேன், இவ எதுக்குத் திரும்பி வரணும்னு."

நேர்காணலுக்கு முந்தைய நாள் மதியம் திடீரென்று கடையைப் பூட்டினார். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"கிளம்புங்க. ஒரு படம் எடுக்கணும். நீங்கதான் எடுக்கணும், என் கை இன்னிக்கு நிலையா இல்ல."

எங்கே என்று கேட்டேன். அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். தேவாலயத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி, கல்லறைத் தோட்டத்துக்குள் போனார். முதல் நாள் பெய்த பனி எங்கும் கணுக்கால் அளவு கிடந்தது. மெழுகுவிளக்குகளின் சிவப்புக் கண்ணாடிகள் மட்டும் ஆங்காங்கே தலை நீட்டின. நான்காவது வரிசையில் கணவர் தாதேயுஷின் கல்லறை. எங்கள் பக்கத்து வழக்கப்படி, அவர் போனபோதே கல்லில் இருவர் பெயரையும் சேர்த்து வெட்டியாயிற்று. கீழ்ப்பாதி பனியில் புதைந்திருந்தது.

"இங்கேருந்து எடுங்க. எழுத்து எல்லாம் தெளிவா விழணும். நாளைக்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கிறவங்க படிக்கிற மாதிரி."

நான் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனேன். "ஒரு நிமிஷம்" என்றார். முழங்காலிட்டு உட்கார்ந்து, கம்பளிக் கையுறையால் கல்லின் மேலிருந்த பனியைத் தள்ளினார். முதலில் அனியெலா என்ற பெயர் தெரிந்தது. பிறகு ராஃபாச், பிறகு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, அதற்குப் பிறகு ஒரு சிறிய கோடு. கோட்டுக்கு அப்பால் ஒன்றும் வெட்டவில்லை, வழவழப்பான வெறும் கல்தான். கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தையும் வெறுங்கையால் ஒருமுறை நன்றாகத் துடைத்துவிட்டார்.